பதினைந்து ஆண்டுகளை விழுங்கிய மகுடம்

முத்துப்பேட்டையிலிருந்து கோடிக்கரை அதிக தூரமில்லை. அலையாத்திக் காட்டின் சேற்றில் கால் புதையும்போது பூங்குழலி நினைவுக்கு வருவது இப்பக்கத்து வாசகனுக்கு இயல்பு. ஆனால் 2022, 2023 ஆண்டுகளில் மணிரத்னத்தின் இரு படங்களும் வெளிவந்தபின், 'பொன்னியின் செல்வ'னைப் படித்தவர்களும் படிக்காதவர்களும் அதைச் சோழர் வரலாறாகவே பேசத் தொடங்கிவிட்டார்கள். என் சண்டை கல்கியோடு அல்ல, இந்த வாசிப்போடு.

1950 முதல் 1954 வரை வாராவாரம் வெளிவந்த ஓர் அரசியல் சதிக்கதையில் காலக்குழப்பங்கள் இருப்பது வியப்பன்று. அவற்றைப் பட்டியலிட்டு மகிழ்வோர் ஒரு சாரார். நாவலில் ஆண்டுக்கணக்குப் பார்ப்பவன் ரசனையற்றவன் என்போர் இன்னொரு சாரார். எல்லாப் பிழையும் ஒரே எடையுடையது என்று நினைப்பதில் இரு சாராரும் ஒன்றுபடுகிறார்கள். நான் வேறுபடுவது அங்கேதான்.

நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்தை எடுத்துக்கொள்வோம். நாவலில் இளம் அருள்மொழி நோயுற்று மறைந்திருக்கும் இடம் அது. ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய அவ்விகாரத்துக்கு ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.பி. 1006இல், ஊர் ஒன்றைக் கொடையளித்ததை ஆனைமங்கலச் செப்பேடு சொல்கிறது. கதை நடப்பதோ கி.பி. 970ஐ ஒட்டி. அனுராதபுரமும் அப்படித்தான். சுந்தர சோழர் காலத்தில் ஈழம் சென்ற கொடும்பாளூர் சிறிய வேளான் அங்கேயே மடிந்தார். அந்நகரம் சோழரிடம் வீழ்ந்தது அருள்மொழி ராஜராஜனாகப் பட்டமேறிய பிறகு.

இவை பிழைகள்தாம். ஆனாலும் மன்னிக்கத் தக்கவை. பிற்காலத்து ராஜராஜன் செய்தவற்றின் நிழலை இளவரசன்மேல் முன்கூட்டியே விழச் செய்கிறார் கல்கி, அவ்வளவே. இதனால் எவர்மீதும் பழி விழவில்லை, எவருடைய பழியும் கழுவப்படவுமில்லை.

மூன்றாவது விஷயம் அப்படிப்பட்டதல்ல. தன் தலைக்கு வந்த மகுடத்தை அருள்மொழி உத்தம சோழனுக்குச் சூட்டும் தியாகத்தோடு கதை உச்சத்தை அடைகிறது. சிற்றப்பனுக்கு ஆசை இருக்கும்வரை தான் அரசை விரும்பவில்லை என்று அவன் இருந்ததாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு புகழ்வதே இதற்கு ஆதாரம். அச்செப்பேடு அவன் மகன் ராஜேந்திரன் காலத்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அதன்பின் 985 வரை உத்தம சோழன் ஆண்ட சுமார் 15 ஆண்டுகள், வாசகன் மனத்தில் ஒரு பெருமூச்சாகச் சுருங்கிவிடுகின்றன.

அந்த ஆண்டுகளில்தான் கேள்வியே இருக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் உறவினர் நிலங்கள் பறிக்கப்பட்டதைப் பேசும் உடையார்குடிக் கல்வெட்டு ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டுக்குரியது. அதில் வரும் ஒருவனுடைய பட்டம் 'இருமுடிசோழ பிரமாதிராயன்'. அது சோழ அரசு தன் அதிகாரிக்கு அளிக்கும் பட்டம். கல்கியோ ரவிதாசன் கூட்டத்தைப் பாண்டிய ஆபத்துதவிகளாக்கிப் பகையை அரண்மனைக்கு வெளியே நிறுத்திவிட்டார். நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழனை ஐயுற்றார், சதாசிவப் பண்டாரத்தார் மறுத்தார். கல்வெட்டு பேசுவது நில விவகாரத்தை மட்டுமே, தண்டனை முன்பே நடந்திருக்கலாம் என்று வாதிடுவோரும் உண்டு. வழக்கு இன்னும் முடியவில்லை.

நாவல் அதை முடித்துவைக்கிறது. மதுராந்தகனை இருவராக்கி, ஆசைகொண்டவனைப் போலி என்று விலக்கி, பூத்தொடுக்கும் சேந்தன் அமுதனை அரியணையில் அமர்த்துகிறது. புனைவின் சாமர்த்தியம் என்று கைதட்டலாம். ஆனால் ஓர் அரசன் குற்றவாளியா, வீண்பழி சுமந்தவனா என்ற கேள்வியே இதில் காணாமல் போகிறது. அவன் நிரபராதி என்றால், அவனுடைய சொந்த முகத்தோடு விடுதலை பெறும் உரிமையையும் நாவல் பறித்துவிட்டது.

கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையான பின் எத்தனையோ பதிப்புகள் வந்துவிட்டன. அவற்றில் அட்டைக்கும் ஓவியத்துக்கும் செலவிடுவோர் கடைசியில் ஒரு பக்கம் ஒதுக்கி, எது செப்பேட்டில் உள்ளது, எது கல்கியின் கற்பனை என்று ஆண்டுகளோடு அச்சிட்டால் என்ன குறைந்துவிடும்? வந்தியத்தேவனின் குதிரை ஒன்றும் நின்றுவிடாது. உத்தம சோழனின் 15 ஆண்டுகள் மட்டும் அவனுக்குத் திரும்பக் கிடைக்கும்.