பொம்மைப் படைக்கு என்ன நிறம்?

சென்ற கோடை விடுமுறையில் என் பேரன் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். உள்ளே கட்டைவிரல் உயரத்தில் முப்பது பிளாஸ்டிக் போர்வீரர்கள். எல்லோரும் ஒரே சாம்பல் நிறம். "நாமேதான் பெயின்ட் அடிக்கணும் தாத்தா" என்றான். பெட்டியின் மேலட்டையில் அதே வீரர்கள் நீலச் சட்டை போட்டுக்கொண்டு பளபளவென்று நின்றார்கள்.

இது மேசைமேல் ஆடும் போர் விளையாட்டு. ஆளுக்கொரு படை. அங்குல நாடாவால் அளந்து வீரர்களை நகர்த்த வேண்டும். பகடை உருட்டி வெற்றி தோல்வி பார்க்க வேண்டும். இதென்ன வெளிநாட்டுக் கூத்து என்று பெரியவர்கள் ஒதுக்கிவிட வேண்டாம். யானை, குதிரை, தேர், காலாள் என்று நால்வகைப் படையைப் பலகைமேல் நிறுத்தி ஆடிய சதுரங்கம் நம் நாட்டில் பிறந்ததுதானே! பழைய இந்தியச் சதுரங்கக் காய்களில் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் பச்சையும் பூசும் வழக்கமும் இருந்தது. 1824-இல் பிரஷ்ய நாட்டு ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் என்பவர் வரைபடத்தின்மேல் நீலக் கட்டை, சிவப்புக் கட்டை வைத்து அதிகாரிகளுக்குப் போர்ப் பயிற்சி தரும் ஆட்டத்தை வெளியிட்டார். ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1913-இல் 'லிட்டில் வார்ஸ்' என்று பொம்மைச் சிப்பாய் விளையாட்டுக்கு ஒரு விதிப் புத்தகமே எழுதினார். இன்று பல நாட்டுப் பிள்ளைகள் ஆடுகிற 'வார்ஹாமர்' 1983-இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. ஆக, பேரன் கொண்டுவந்த பெட்டிக்கு நீண்ட வம்சாவளி உண்டு.

சிக்கல் விளையாட்டில் வரவில்லை, நிறத்தில் வந்தது.

முதலில் மஞ்சளும் சிவப்பும் என்றான். எனக்குச் சுருக்கென்றது. அது கன்னடக் கொடியின் நிறம். நவம்பர் 1-ஆம் தேதி ராஜ்யோத்சவத்துக்கு எங்கள் தெரு முழுவதும் கட்டுவார்கள். "நாம் ஏன் அதைத் தொடவேண்டும்?" என்றேன். சரியென்று கறுப்பும் சிவப்பும் எடுத்தான். "அது ஊரில் கட்சிக் கொடி. சித்தப்பா வந்தால் கேலி செய்வார்" என்றாள் அவன் அம்மா. காவியும் பச்சையும் எடுத்தபோது நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் முகத்தைப் பார்த்து அவனே வைத்துவிட்டான். "எந்தக் கலரை எடுத்தாலும் அது யாரோடதாவது இருக்கே, தாத்தா!" என்று சலித்துக்கொண்டான்.

நான் சொன்னேன்: "பெட்டியில் இருக்கிற நீலத்தையே அடித்துவிடு. யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்."

அன்று இரவு அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்! இதை நான் எங்கே கற்றேன் என்று எனக்குத் தெரியும். 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம் நடந்த நாட்களில் இந்த நகரத்தில் இருந்தவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பஸ்ஸில் தமிழ் பேசும்போது குரல் தானாகத் தணிந்தது. தமிழ்ப் பத்திரிகையின் அட்டையை உள்பக்கமாக மடித்துப் பிடித்தேன். அந்த நாட்களில் அந்த எச்சரிக்கை தேவைப்பட்டது. அதற்காக நான் வெட்கப்படவில்லை. ஆனால் இங்கேயே பிறந்து, என்னைவிட நன்றாகக் கன்னடம் பேசி, தெருப் பிள்ளைகளோடு கிரிக்கெட் ஆடும் பத்து வயதுப் பையனுக்கு, அவனுடைய பொம்மைப் படைக்குக்கூட, அந்தப் பயத்தை நான் ஏன் சீதனமாகக் கொடுக்கவேண்டும்?

மறுநாள் காலை என் பேச்சை நானே திரும்பப் பெற்றுக்கொண்டேன். "பெட்டி நீலம் வேண்டாம். உன் படைக்கு உன் நிறம் வேண்டும். ஆனால் ஒரு நிபந்தனை. எந்த நிறம் வைத்தாலும் அது ஏன் என்று எனக்குக் காரணம் சொல்ல வேண்டும்" என்றேன். இந்தக் கட்டுரையில் நான் வலியுறுத்த வந்ததும் அவ்வளவுதான். கைக்கு வந்ததைப் பூசினால் அது சொந்த நிறம் ஆகாது. யாரும் தொடாத நிறம் ஒன்றைத் தேடி அலைவதும் வீண். அப்படி ஒரு நிறம் உலகில் இல்லை. காரணம் நம்முடையதாக இருந்தால் நிறமும் நம்முடையதாகிவிடும்.

உண்மையான படைகளின் நிறத்துக்கும் காரணம் இருந்தது. இந்த ஊர்த் தமிழர்களில் பலருடைய முன்னோர், 1809-இல் கன்டோன்மென்ட் அமைந்த பிறகு, வெள்ளைக்காரப் பட்டாளத்தோடும் அதை நம்பிய தொழில்களோடும் வந்தவர்கள். அந்தப் பட்டாளத்தின் சட்டை சிவப்பு. கரும்பொடித் துப்பாக்கி வெடித்தால் களமெல்லாம் புகை மண்டும். அந்தப் புகையில் தன் ஆள் யார் என்று தெரிவதற்குப் பளிச்சென்ற நிறம் உதவியது. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போகிறவர்கள், திப்பு சுல்தானின் தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவரைப் பார்த்திருப்பீர்கள். 1780-இல் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் ஹைதரும் திப்புவும் கம்பெனிப் படையை முறியடித்த காட்சி அங்கே வரையப்பட்டிருக்கிறது. நடுவே சிவப்புச் சட்டைகள் கட்டமாக நிற்க, சுற்றிலும் மைசூர்க் குதிரைப்படை பாய்ந்து வருகிறது. எவ்வளவு கூட்டமிருந்தாலும் எந்தப் பக்கம் யார் என்று பார்த்த கணத்தில் தெரிகிறது. திப்புவோ புலிக்கோட்டைத் தம் அடையாளமாக வைத்துக்கொண்டு, வீரர்களின் உடையிலும் ஆயுதங்களிலும் அதைப் பொறித்தார்.

பிறகு துப்பாக்கி வெகுதூரம் சுடத் தொடங்கியது. புகையில்லா வெடிமருந்து வந்தது. பளிச்சென்று நிற்பவன் முதலில் சாவான் என்றாயிற்று. புகையில்லா மருந்துக்கு முன்பே, 1840-களின் பிற்பகுதியில் வடமேற்கு எல்லையில் 'கைட்ஸ்' படை மண் நிறத்தில் உடுத்தத் தொடங்கியிருந்தது. புழுதியைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்துதான் 'காக்கி' வந்தது. காணப்படுவதற்காக நிறம் பூசிய காலம் போய், மறைவதற்காகப் பூசும் காலம் வந்தது.

மேசைமேல் நிற்கும் பொம்மைக்கு அந்தப் பயம் இல்லை. அதைக் குண்டு துளைக்காது. அது ஒளிந்துகொள்ளத் தேவையே இல்லை. இதைக் கேட்டதும் பேரன் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் மறக்கமாட்டேன்.

நிறத்தை எங்கே தேடுவது? அதற்கு விடை சொன்னவள் என் மனைவி. பீரோவைத் திறந்து தன் கல்யாணக் கூறைப் புடவைக்கு அடுத்து வைத்திருந்த காஞ்சிபுரம் பட்டை எடுத்து விரித்தாள். மயில் கழுத்து உடல், அரக்குக் கரை, முந்தியில் மாம்பழ மஞ்சள் கீற்று. "இதைவிடப் பொருத்தம் யார் சொல்வார்கள்?" என்றாள்.

யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது பெரிய பாடம். புடவையில் உடல் பெரும்பங்கு. கரை அதில் ஒரு பங்கு. முந்தியின் கீற்று கொஞ்சமே கொஞ்சம். மூன்று நிறமும் சம அளவில் இருந்தால் கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் தடுமாறும். படைக்கும் அதேதான்: சட்டைக்கு ஒரு நிறம், விளிம்புக்கும் பூட்சுக்கும் ஒரு நிறம், தலைக்கவசத்தில் ஒரு பொட்டு. காஞ்சிபுரத்து நெசவாளர்கள் உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால் நெய்து கோர்க்கும் கோர்வை வேலையில், இரண்டு நிறமும் ஒன்றில் ஒன்று கரையாமல் தெளிவாக நிற்கும். பொம்மையிலும் விளிம்பு சுத்தமாக இருந்தால்தான் நிறம் எடுபடும்.

மயில் கழுத்து என்பது ஒரே சாயம் அல்ல. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். அசைக்கும்போது நீலமும் பச்சையும் மாறிமாறித் தெரியும். இதைப் பேரன் எப்படிச் செய்தான் தெரியுமா? முதலில் அடர்நீலம் பூசிக் காயவிட்டான். பிறகு தண்ணீர் கலந்த பச்சையை மேடான இடங்களில் மட்டும் மெல்லத் தடவினான். மடிப்புகளில் நீலம் தங்கியது. தோளிலும் மார்பிலும் பச்சை மின்னியது.

எல்லாம் ஒரே நாளில் சரியாக வந்துவிடவில்லை. செய்து பார்க்க விரும்பும் பிள்ளைகளுக்காக நாங்கள் பட்ட பாடுகளைச் சொல்கிறேன்.

முதலில், முப்பது பேருக்கும் பூசாமல் ஒரே ஒருவனுக்குப் பூசிப் பார்க்கவேண்டும். எங்கள் முதல் வீரன் கிட்டத்தட்டக் கறுப்பாகிப் போனான். ஆறு கெஜத்தில் அழகாக இருக்கும் அரக்கு, கட்டைவிரல் அளவில் இருண்டுவிடும். சின்ன உருவத்துக்கு எந்த நிறத்தையும் ஒரு படி வெளுப்பாகக் கலக்கவேண்டும். இரண்டாவது, பூசிய வீரனைக் கையில் வைத்துப் பார்க்காமல், மேசைமேல் நிறுத்தி, எழுந்து நின்று பார்க்கவேண்டும். ஆடும்போது கண்ணுக்கும் பொம்மைக்கும் அவ்வளவு தூரம் இருக்கும். டியூப்லைட்டில் ஒரு முறை, பகல் வெளிச்சத்தில் ஒரு முறை பார்ப்பது நல்லது. மூன்றாவது, கலவைக் கணக்கை நோட்டில் எழுதவேண்டும். எழுதாமல் கலந்ததால் எங்கள் ஏழாவது வீரன் மட்டும் வேறு படைக்காரன் போல ஆகிவிட்டான்.

நான்காவது, வீரன் நிற்கும் தரை. பெங்களூர் என்றால் செம்மண் என்று நான்தான் சொன்னேன். செம்மண்ணில் அரக்கு பூட்ஸ் காணாமல் போயிற்று! பிறகு லால்பாக் பாறைக்குப் போனோம். சுமார் 300 கோடி ஆண்டு வயதுடைய பாறை. சாம்பலில் வெள்ளையும் கறுப்புமாக வரி ஓடும். அந்தச் சாம்பலைத் தரையாக்கியதும் பூட்ஸ் எடுப்பாகத் தெரிந்தது.

அவனுக்கு ஒரு நிறத்தில் தனி ஆசை. மார்ச் மாதத்தில் நம் சாலைகளில் கொட்டுகிற ஜகரண்டா பூவின் ஊதா. அதைத் தலைக்கவசத்தில் வைத்தான். மயில் கழுத்துக்குப் பக்கத்தில் அது எடுபடவில்லை. மாம்பழ மஞ்சளுக்கு இடம் கொடுக்க வேண்டியதாயிற்று. ஆனாலும் விட மனமில்லாமல், காலடியில் பாறைமேல் உதிர்ந்த பூவாக இரண்டு ஊதாப் புள்ளி வைத்துவிட்டான். முப்பது பேர் காலடியிலும்! அந்த மரமும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். இன்று ஜகரண்டா இல்லாத பெங்களூரை யாரால் நினைத்துப் பார்க்க முடியும்?

நவராத்திரிக்கு அந்தப் படையைக் கொலுவின் கடைசிப் படியில், செட்டியார் பொம்மைக்கும் தெப்பக்குளத்துக்கும் நடுவே அணிவகுத்து நிறுத்தினோம். எங்கள் எதிர்வீட்டம்மா கன்னடக்காரர். அவர்கள் வீட்டிலும் கொம்பே ஹப்பா உண்டு. தாம்பூலம் வாங்க வந்தவர் குனிந்து பார்த்துவிட்டு, "அட, இது நம்ம மைசூர் சில்க் கலர் அல்லவா!" என்றார். கும்பகோணத்திலிருந்து வந்திருந்த என் மைத்துனி விடவில்லை. "இல்லையில்லை, இது சுத்தக் காஞ்சிபுரம்" என்றாள். இருவரும் ஆளுக்கொரு வீரனைக் கையில் எடுத்துக்கொண்டு வாதாடினார்கள். ஓரமாக நின்ற எனக்கு அந்தப் பழைய பதற்றம் ஒரு கணம் எட்டிப் பார்த்தது. பேரன் சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னான்: "ஆன்ட்டி, அது பாட்டி புடவை. கீழே இருப்பது லால்பாக். இது என் ஆர்மி கலர்." இரு பெண்மணிகளும் சிரித்துவிட்டார்கள். எதிர்வீட்டம்மா தம் பேரனையும் ஞாயிற்றுக்கிழமை அனுப்புவதாகச் சொல்லிப் போனார். இப்போது அவனும் தன் படைக்குப் பூசிக்கொண்டிருக்கிறான். என்ன நிறம் என்று எங்களுக்கு இன்னும் காட்டவில்லை.

நம் சங்கத்து அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குக் கோலப்போட்டியும் மாறுவேடப் போட்டியும் வைக்கிறோம். வரும் பொங்கல் விழாவில் இதையும் சேர்க்கலாமே. ஆளுக்கு ஐந்து வர்ணம் பூசாத பொம்மைகள் போதும். களிமண் பொம்மையானாலும் சரி, பிளாஸ்டிக் சிப்பாயானாலும் சரி. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எந்த மொழிக்காரர்களாக இருந்தாலும் வரட்டும். மதிப்பெண்ணில் பாதி பூச்சு வேலைக்கு. மறுபாதி, 'ஏன் இந்த நிறம்?' என்ற கேள்விக்குப் பிள்ளை சொல்லும் பதிலுக்கு.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை ஒரு நிறத்தை எடுக்கும்போது, 'அது அவர்களுடையது, இது இவர்களுடையது' என்று என்னைப்போல் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். ஏன் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை கொஞ்சம் பொறுமையாக இருங்கள்.