அறிவிப்பு வந்தபின் ஓடுவதா?

காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடிக் கடக்க வேண்டும். கள்ளக்குறிச்சி இளைஞர்கள் பலர் இதற்கு ஆயத்தமாவதோ கடைசி மாதத்தில். தினமும் முழு வேகம், ஓய்வே கிடையாது. மூச்சு விரைவில் பழகிவிடும். எலும்பும் தசைநாணும் பழக மாதங்கள் ஆகும். அதனால்தான் முழங்காலுக்குக் கீழே வலி கண்டு, தேர்வு நாளில் நொண்டுகிறார்கள். இதை விதி என்று சொல்லித் தப்பிக்க முடியாது. வாரத்தின் பெரும்பகுதி பேசிக்கொண்டே ஓடும் நிதானம், ஓரிரு நாள் வேகம், நிறைந்த தூக்கம் போதும். கல்வராயன் மலைச் சரிவில் மெதுவாக ஏறினால் கால்கள் வலுப்படும். இறங்கும்போது ஓடாமல் நடப்பதே நல்லது. இப்படிப் பழக வழிகாட்ட ஆள் வேண்டும். 2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைப்பயிற்சிப் பாதைத் திட்டம் தொடங்கியது. பாதைக்குச் செலவழித்த அரசு, பள்ளி உடற்கல்வி ஆசிரியர்களை வார இறுதியில் இந்த இளைஞர்களுக்கும் வழிகாட்டச் செய்யலாம், உரிய படியோடுதான்.