பாரதி பிறந்த வீடும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

ஆண்டுகள் சில கடந்துவிட்டன. எனினும் அந்தக் கூட்டம் என் நினைவை விட்டு அகலவில்லை. திண்டுக்கல்லில் நம் கிளைத் தோழர்கள் கூடி, எட்டயபுரம் சென்று பாரதி பிறந்த இல்லத்தைக் கண்டுவருவது என்று முடிவெடுத்தோம். வண்டி பேசியாயிற்று, நாளும் குறித்தாயிற்று. அப்போது தோழர் ஒருவர் எழுந்தார். "பிள்ளைகள் வேண்டாம். ஓடுவார்கள், கூச்சலிடுவார்கள். நினைவில்லத்தின் அமைதி கெடும்" என்றார். தலையசைத்தோர் பலர், மறுத்தோர் சிலர். மறுத்தவருள் நானும் ஒருவன்.

தோழர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. பிள்ளைகள் ஓடத்தான் செய்வார்கள். ஆனால், நாம் செல்வது எங்கே? குரல் எழுப்பக் கூடாத கருவறைக்கா? அல்ல, அல்ல! 1882 டிசம்பர் 11 அன்று ஒரு குழந்தை வீறிட்டு அழுது பிறந்த வீட்டிற்கு! அந்த வீட்டில் ஒரு குழந்தையின் குரல் கேட்பது குற்றமாகுமா?

உரிமை என்னும் கண்கொண்டும் இதைப் பார்ப்போம். அந்த வீடு இன்று தனியார் சொத்தன்று. அரசின் பாதுகாப்பில் உள்ள நினைவில்லம். பாரதியின் எழுத்துரிமையை 1949-இல் சென்னை மாகாண அரசு பெற்றது. பின்னர் அது மக்கள் அனைவருக்கும் பொதுவாயிற்று. அதே ஊரில் 1947-இல் திறக்கப்பட்ட மணிமண்டபமோ, கல்கி முன்னின்று திரட்ட, மக்கள் மனமுவந்து அளித்த நன்கொடையால் எழுந்தது. எழுத்து மக்களுடையது, மண்டபம் மக்களுடையது, வீடும் மக்களுடையது. அந்த மக்களில் பூட்டுப் பட்டறைத் தொழிலாளியின் மகள் இல்லையா? சின்னாளபட்டித் தறியின் ஓசையில் வளரும் சிறுவன் இல்லையா? உரிமையாளரை வீட்டில் விட்டுவிட்டு, நாம் மட்டும் சென்று எதைப் பார்த்துவரப் போகிறோம்?

இறுதியில் பிள்ளைகளும் வந்தார்கள். வழியில், மதுரையில், 1904-இல் பாரதி சில திங்கள் தமிழாசிரியராகப் பணியாற்றிய சேதுபதி உயர்நிலைப் பள்ளியைப் பற்றிச் சொன்னோம். "அவர் வாத்தியாரா?" என்று வியந்தனர் சிறுவர். அருப்புக்கோட்டையைக் கடந்து எட்டயபுரம் சேர்ந்தோம்.

வீட்டினுள் நுழைந்ததும் பெரியவர்கள் நாங்கள் என்ன செய்தோம்? மாலை அணிவித்தோம், படம் எடுத்துக்கொண்டோம், கடமை முடிந்ததெனக் களைப்பாறினோம். அப்போது பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகள், பத்து வயதிருக்கும், சுவரில் இருந்த படங்களைப் பார்த்தபடி கேட்டாள்: "இவர் எழுதத்தானே செய்தார்? பிறகு ஏன் புதுச்சேரிக்குப் போய் ஒளிந்துகொண்டார்?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மேடையில் பாரதியின் பெயரை முழங்கியோர் வாயடைத்து நின்றோம்! மறுமொழி சொன்னவர், தோல் பதனிடும் பட்டறையில் உழைத்து ஓய்ந்த முதியவர் ஒருவர். 1908-இல் 'இந்தியா' இதழின்மீது ஆங்கில ஆட்சியின் அடக்குமுறை பாய்ந்ததையும், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் பாரதி சென்றதையும், பத்தாண்டுகளுக்குப் பின் 1918-இல் எல்லை தாண்டி வந்தவுடன் கைது செய்யப்பட்டதையும் எளிய சொற்களில் எடுத்துரைத்தார். பிள்ளைகள் அவரைச் சூழ்ந்து அமர்ந்தனர். கூச்சல் எங்கே? ஓட்டம் எங்கே? அந்த அரை மணி நேரம் அங்கே நிலவிய அமைதி, பிள்ளைகளைத் தவிர்த்துச் சென்றிருந்தால் நமக்கு வாய்த்திருக்குமா?

தோழர்களே, பிள்ளைகள் இல்லாமல் செல்பவர் தேர்வு எழுதாமலே தேர்ச்சி பெற்றதாக எண்ணித் திரும்புகிறார். பிள்ளைகளோடு செல்பவர் விடை சொல்லியாக வேண்டும். விடை சொல்ல வேண்டுமானால் படித்தாக வேண்டும். தொண்டர்கள் படிக்காத இயக்கம் தலைவர்களின் படங்களைச் சுமக்கும், கருத்தைச் சுமக்காது.

அதற்காக, மடியில் உறங்கும் மழலையையும் வெயிலில் இழுத்துச் செல்லச் சொல்லவில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். செல்லுமுன் அவரது எழுத்தில் ஒரு பக்கத்தையேனும் உடனமர்ந்து படியுங்கள். கட்டணம் செலுத்த இயலாத வீட்டுப் பிள்ளைக்குக் கிளையே பொறுப்பேற்கட்டும்.

2025 மார்ச்சுத் திங்களில் அந்த இல்லத்தின் மேற்கூரையில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது என்ற செய்தி கேட்டு நெஞ்சம் பதறினோம். உத்தரமும் செங்கல்லும் சரிந்தால் அரசு சீர்செய்யலாம், சீர்செய்யவும் வேண்டும். ஆனால், நினைவு சரிந்தால் எந்தக் கொத்தனார் எடுத்துக் கட்டுவார்? அந்த வீட்டை என்றும் காக்கப் போகிறவர்கள், அதை இளமையில் கண்டவர்கள்தாம்.

எட்டயபுரம் தொலைவு என்பீர்களானால், செம்பட்டி வழியே வத்தலக்குண்டுக்குப் புறப்படுங்கள். 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதி 26 வயதிலேயே மறைந்த ராஜமய்யர் பிறந்த ஊர் அது. 'எழுத்து' இதழை நடத்திய சி. சு. செல்லப்பா வளர்ந்த ஊர் அது. 1884-இல் சுப்பிரமணிய சிவா பிறந்த ஊரும் அதுவே. சிறையில் தொழுநோய்க்கு ஆளாகி, 1912-இல் வெளியே வந்து, 'ஞானபாநு' இதழை நடத்தி, பாரதியின் எழுத்தையும் அதில் வெளியிட்டவர் அவர்! நோயைக் காட்டி இரயிலில் ஏறத் தடை விதித்தபோதும் நடந்தே ஊர் ஊராகச் சென்று பேசினார். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் இதை அறிவார்கள்? அவர் நடந்த மண்ணில் நாமும் பிள்ளைகளின் கைபிடித்து நடந்தால் என்ன?

அடுத்த ஞாயிறு புறப்படுங்கள், தோழர்களே! மாலை இல்லாமற் போனாலும் குறையில்லை. பிள்ளைகள் இல்லாமல் போகாதீர்கள்!