பாட்டி பேசாத வீடியோக்கள்

எம்மவர் வீடுகளில் இன்று வீடியோவுக்குப் பஞ்சமில்லை. திருமணம், பூப்புனித நீராட்டு விழா, பிறந்தநாள், புதுமனை புகுவிழா என்று எதுவானாலும் கமெரா வந்துவிடுகிறது. கையில் காசில்லாத குடும்பமும் கடன் வாங்கியாவது ஒரு வீடியோ எடுத்து வைத்திருக்கிறது. அதைக் குறை கூற நாம் வரவில்லை. இடம்விட்டு இடம் மாறி வாழ்ந்த மக்களுக்கு, தம் முகங்களைத் தாமே பார்க்கும் ஆசை இயல்பானதே.

ஆயினும் அந்த வீடியோக்களை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். பாட்டி இருப்பார். அரிசி தூவி ஆசீர்வதிப்பார், வெற்றிலைத் தட்டை நீட்டுவார், கமெராவைப் பார்த்துக் கூச்சத்துடன் சேலைத் தலைப்பைச் சரிசெய்வார். ஆனால் ஒரு வார்த்தை பேசமாட்டார். பேசியிருந்தாலும் எமக்குக் கேட்காது, ஏனெனில் அதன்மேல் சினிமாப் பாட்டு ஒன்றைப் போட்டு மூடியிருப்பார்கள். பாட்டி இறந்த பிறகு பேரப்பிள்ளைகளுக்கு அவருடைய முகம் மிஞ்சும். குரல் மிஞ்சாது. அவர் எந்த ஊரில் பிறந்தார், எந்தத் தோட்டத்தில் கொழுந்து பறித்தார், எந்த ஆண்டு எதை விட்டுவிட்டு வந்தார் என்பதும் மிஞ்சாது.

வீட்டிலுள்ள முதியவர்களை உட்கார வைத்து, கேள்வி கேட்டு, அவர்கள் பேசுவதைப் பதிவுசெய்து வைப்பது ஒவ்வொரு குடும்பத்தின் கடமை என்பதே எமது கருத்து. இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்களுக்கு இக்கடமை மற்றவர்களைவிட அதிகம். அதற்கான காரணங்களைக் கூற விரும்புகிறோம்.

இயந்திரத்துக்குக் கிடைத்த இடம்

கண்டி நகருக்கு மேலே ஹந்தானையில் 1925ஆம் ஆண்டு கட்டப்பட்ட ஒரு தேயிலைத் தொழிற்சாலை உண்டு. 2001இல் அது இலங்கைத் தேயிலை அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. பழைய உருளைகள், உலர்த்திகள், எஞ்சின்கள், 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருட்கள் அங்கே துடைத்துப் பாதுகாக்கப்படுகின்றன. நல்லதே. ஆனால் அந்த இயந்திரங்களுக்குக் கொழுந்து கொண்டுவந்து கொடுத்த கைகள் யாருடையவை? தொழிலாளரின் வாழ்க்கைக்கென ஓர் அருங்காட்சியகம் வேண்டும் என்று கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவகம் முன்வந்து, 2007இல் கம்பளைப் பகுதியின் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் பழைய லயக் காம்பராக்களிலேயே ஒன்றை அமைத்தது. கூடை, கவ்வாத்துக் கத்தி, தப்பு, பழைய பத்திரங்கள் என்று எம் மக்களின் பொருட்களை அங்கே காணலாம். பிள்ளைகளை ஒருமுறையாவது அழைத்துச் செல்லுங்கள்.

ஆனாலும் கூடை பேசாது. அதைத் தலையில் கட்டிக்கொண்டு மலையேறியவர் பேச வேண்டும். அவர் இன்னும் சில வீடுகளில் உயிரோடு இருக்கிறார்.

பத்திரம் கேட்ட நாடு

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் எம் மக்களிடம் என்ன கேட்டது? இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது, தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. லயத்தில் பிறந்தவரின் பாட்டனுக்குப் பிறப்புப் பத்திரம் எங்கிருந்து வரும்? குடும்பத்துக்கு எல்லாம் தெரியும். ஆனால் தெரிந்ததை எழுதி வைத்தவர் இல்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. அண்ணன் ஒரு கரையிலும் தம்பி மறு கரையிலும் ஆனார்கள். உறவுகள் கதறியபடி புறப்பட்ட அந்த ரயிலுக்கு எம் மக்கள் "ஒப்பாரிக் கோச்சி" என்று பெயர் வைத்தார்கள். இங்கேயே தங்கியவர்களில் பிரஜாவுரிமை அற்றிருந்தோரின் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தக் கோச்சியை நேரில் கண்டவர்கள் இன்று எழுபதையும் எண்பதையும் தாண்டியவர்கள். நீலகிரியில் குடியேறிய தம்பியின் பிள்ளைகள் யார், அவர்கள் எந்தக் கிராமத்தைத் தம் ஊர் என்று பதிவு செய்தார்கள் என்பது அவர்கள் நினைவில் மட்டுமே இருக்கும்.

ஒரு விடயத்தில் தெளிவாக இருப்போம். தாத்தாவின் வீடியோ காணி உறுதியாகாது. கச்சேரியில் அதைப் பத்திரமாக ஏற்கமாட்டார்கள். ஆனால் பத்திரம் எங்கே கிடக்கிறது என்று அது வழிகாட்டக்கூடும். "நான் இன்ன தோட்டத்தில் பிறந்தேன், இன்ன கோயிலில் ஞானஸ்நானம் பெற்றேன்" என்று அவர் கூறினால், அந்தப் பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டைத் தேடலாம். தோட்டத்தின் பெயரும் டிவிசனின் பெயரும் தெரிந்தால் பதிவாளர் அலுவலகத்தில் தேடுவது இலகுவாகும். சரியான பெயர் தெரியாததால் தேடலே தொடங்காத குடும்பங்கள் எத்தனை!

தண்ணீருக்குள் போன ஊர், மண்ணுக்குள் போன வீடு

மகாவலித் திட்டத்தின்கீழ் 1985இல் விக்டோரியா அணை திறக்கப்பட்டபோது பழைய தெல்தெனிய நகரம் நீருக்குள் போனது. கொத்மலை நீர்த்தேக்கத்தால் வயலும் விகாரையுமாக ஊர்கள் மூழ்கின. அங்கிருந்த விவசாயக் குடும்பங்கள் பல, மகாவலியின் பீ, சீ, எச் வலயங்களுக்கு அனுப்பப்பட்டன. கடும் வரட்சியில் நீர் இறங்கும்போது பழைய தெல்தெனியவின் இடிபாடுகளும் கொத்மலையில் கடதொர விகாரையும் தலைகாட்டுகின்றன. அப்போது முதியவர்கள் கரையில் நின்று, இது எங்கள் வீட்டு வாசல், அது கடைவீதி என்று பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்கள். அவர்கள் இல்லாத காலத்தில் அது வெறும் கல்லாகிவிடும்.

1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளுக்குச் சென்று காடு வெட்டிக் கமம் செய்தவர்களை நினைத்துப் பாருங்கள். காந்தீயம் அமைப்பின் பண்ணைகளில் குடியேறியவர்களும் அவர்களுள் அடங்குவர். அவர்களில் எத்தனையோ பேர் 2009 வரையான போரில் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தனர். அல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓட யாருக்கு நேரமிருந்தது? 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த பெருமழையில் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் மலைகள் சரிந்தன. மண் இறங்கும்போது ஆளோடும் ஆட்டோடும் சேர்ந்து, பெட்டிக்குள் இருந்த படங்களும் பத்திரங்களும் போய்விடுகின்றன.

ஆகவே இடம்பெயர்ந்தவனிடம் மிஞ்சும் கடைசிச் சொத்து நினைவு. அதற்கும் ஆயுள் உண்டு.

எதைக் கேட்பது?

"தாத்தா, உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால், "எங்க கதையில என்னப்பா இருக்கு, எல்லாம் கஷ்டந்தான்" என்று முடித்துவிடுவார். சிறிய கேள்வியாகக் கேளுங்கள். "லயத்துல எத்தனை காம்பரா? உங்களுக்கு அடுத்த காம்பராவுல யாரு இருந்தாங்க? பெரட்டுக்கு எத்தனை மணிக்குப் போவீங்க? பிள்ளைக் காம்பராவுல யாரு புள்ளைய பாத்துக்கிட்டது? காமன் கூத்துல நீங்க என்ன வேஷம் கட்டுனீங்க?" இப்படிக் கேட்டால் பேச்சு தானே வரும். ஒரு பழைய படம், ஒரு செம்பு, ஒரு மண்வெட்டி ஆகியவற்றைக் கையில் கொடுத்துப் பாருங்கள். பொருள் நினைவை இழுத்துக்கொண்டு வரும்.

விவசாயிகளாகிய நாம் கேட்கவேண்டிய கேள்விகளும் உண்டு. எந்த மாதத்தில் எதை விதைத்தீர்கள்? எந்த விதையை வைத்திருந்தீர்கள்? எந்த ஓடை எப்போது வற்றும், எந்தச் சரிவில் முன்பு மண் இறங்கியது? இறுதிக் கேள்வி உயிர் காக்கும் கேள்வி. முன்னர் சரிந்த இடம் மீண்டும் சரியலாம் என்பதை ஒரு முதியவரின் பேச்சு நினைவூட்டக்கூடும்.

பாட்டிகளை மறக்க வேண்டாம். ஒப்பந்தமும் தேர்தலும் ஆண்களின் பேச்சில் வரும். 1970களின் நடுப்பகுதியில் அரிசியும் மாவும் கிடைக்காத காலத்தில் பிள்ளைகளுக்கு எதை அவித்துக் கொடுத்தார்கள் என்பது பெண்களுக்கே தெரியும்.

எப்படிப் பதிவது?

இதற்குப் பெரிய கமெரா வேண்டாம். கொழும்பில் கடையிலோ ஆடைத் தொழிற்சாலையிலோ வேலை செய்யும் பிள்ளை தீபாவளிக்கோ நத்தாருக்கோ வரும்போது கையில் கொண்டுவரும் தொலைபேசி போதும். சில விடயங்களை மாத்திரம் கவனியுங்கள். தகரக் கூரையில் மழை விழுந்தால் குரல் ஒன்றும் கேட்காது. ஆகவே மழைக்கு முன் காலை நேரத்தில் பதிவு செய்யுங்கள். வானொலியையும் தொலைக்காட்சியையும் நிறுத்துங்கள். வெளிச்சம் பேசுபவரின் முகத்தில் விழட்டும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார வைத்தால் முகம் கறுத்துவிடும். தொலைபேசியைப் படுக்கை வாக்கில் வைத்து, இரண்டு முழத் தூரத்துக்கு மேல் போகாமல் ஒரு மேசையிலோ பலகையிலோ சாய்த்து வையுங்கள். இடையில் அழைப்பு வராதபடி செய்துகொள்ளுங்கள். முதலில் ஒரு நிமிடம் பதிந்து, கேட்டுப் பார்த்த பின் தொடங்குங்கள். தொடக்கத்தில் பேசுபவரின் பெயர், ஊர், அன்றைய திகதி ஆகியவற்றைச் சொல்லுங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் முதியவரைக் களைக்க வைக்க வேண்டாம். இன்னொரு நாள் தொடரலாம்.

பதிந்ததைக் குறைந்தது மூன்று இடங்களில் வைக்க வேண்டும். ஒன்று தொலைபேசியில், ஒன்று பென்டிரைவில், ஒன்று வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டில். ஒரே வீட்டில் மூன்றையும் வைத்தால் ஒரே மண்சரிவில் மூன்றும் போகும். வட்ஸ்அப் மூலம் அனுப்பும் வீடியோ பெரும்பாலும் சுருக்கப்பட்டுவிடுவதால் அதை மட்டும் நம்பாமல் மூலப் பிரதியைக் காப்பாற்றுங்கள்.

அலுமாரியில் கிடக்கும் பழைய ஒளிநாடாக்களையும் ஒலிநாடாக்களையும் உடனே எடுத்துப் பாருங்கள். மலைநாட்டு ஈரத்தில் நாடாவில் பூஞ்சணம் பிடிக்கும். வெள்ளையாகப் படிந்திருந்தால் அதைக் கருவியில் போடாதீர்கள். நாடா அறுந்துபோகலாம், கருவியும் கெட்டு மற்ற நாடாக்களுக்கும் பூஞ்சணம் பரவலாம். விடயம் தெரிந்தவரிடம் கொடுங்கள். வீடியோ நாடாக் கருவிகளைக் கடைசியாகச் செய்துவந்த ஜப்பானிய நிறுவனமான புனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. காந்த நாடாக்களில் உள்ளவற்றை விரைவில் மாற்றாவிட்டால் நிரந்தரமாக இழப்போம் என்று யுனெஸ்கோ 2019இலேயே உலகுக்கு எச்சரித்தது. உங்கள் வீட்டு நாடாவுக்கும் அந்த எச்சரிக்கை பொருந்தும்.

கேட்கக் கூடாத நேரமும் உண்டு

கஷ்டத்தைக் கிளறுவானேன் என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1983இல் எரிந்த வீட்டை, பசியில் இறந்த பிள்ளையை, போரில் காணாமற்போனவரை எல்லோராலும் பேச முடியாது. பேச மறுப்பவரை வற்புறுத்தக் கூடாது. பேசும்போது அழுதால் கமெராவை நிறுத்திவிட்டுக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் சிலர் இதுவரை யாரும் கேட்கவில்லை என்பதாலேயே மௌனமாக இருந்தார்கள் என்பதையும் அடிமட்டப் பணியில் நாம் கண்டிருக்கிறோம்.

பதிவு பேசியவருக்குச் சொந்தம். அவருடைய சம்மதமின்றி முகநூலில் போடக் கூடாது. பிறரைக் குற்றம்சாட்டும் பகுதியையோ குடும்ப இரகசியத்தையோ வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பது நல்லது. குடும்பம் முழுவதும் விரும்பினால், 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிம முறையில் பாதுகாத்துவரும் நூலகம் நிறுவனம் போன்றவற்றை அணுகலாம்.

ஒரு குடும்பம், ஒரு மணித்தியாலம்

பிறர் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். 1947இல் இந்தியா பிரிக்கப்பட்டபோது ஊர்விட்ட மக்களின் கதைகளை, 2010இல் தொடங்கிய ஒரு முயற்சி பத்தாயிரத்துக்கும் மேலாகச் சேர்த்தது. நிலத்தை இழந்த விவசாயிகளும் அதில் பேசியிருக்கிறார்கள். பலரைத் தேடிச் சென்று பதிவுசெய்தவர்கள் தொண்டர்களே. எம் மண்ணிலும் 2023இல், மலையக மக்களின் 200 ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். முன்னோர் நடந்த வழியை நினைவுகூர்ந்த அந்த நடைபயணம் முடிந்துவிட்டது. ஆனால் அந்த முன்னோரைப் பற்றித் தம் தாத்தா சொல்லக் கேட்டவர்கள் இன்னும் எம்முடன் இருக்கிறார்கள்.

பக்கத்து ஊர்ச் சிங்களக் குடும்பத்துக்கும் இதைச் சொல்லுங்கள். தெல்தெனியவில் வயலை இழந்தவரும் தோட்டத்தில் காம்பராவை இழந்தவரும் ஒருவர் கதையை ஒருவர் கேட்டதில்லை. கேட்டால் சந்தேகம் குறையும். இருவருடைய பேரப்பிள்ளைகளும் காணிக்காக ஒரே கச்சேரி வாசலில் நிற்கிறார்கள் என்பதும் தெரியவரும்.

இந்த விடுமுறைக்குள் ஒவ்வொரு குடும்பமும் ஒரு முதியவரிடம் ஒரு மணித்தியாலம் கேட்டுப் பதியட்டும். மாதர் சங்கமும் இளைஞர் மன்றமும் தொலைபேசி இல்லாத வீடுகளுக்கு உதவட்டும். அடுத்த வருடம் செய்யலாம் என்று ஒத்திவைக்க வேண்டாம். அடுத்த வருடம் நாம் இருப்போம். அவர்கள் இருப்பார்களா என்பது நிச்சயமில்லை.