நுளம்பு மருந்தும் பங்கீட்டரிசியும்

உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி சில வாரங்களுக்கு முன் தன் குறிப்புப் புத்தகத்தை எம்மிடம் கொண்டுவந்தாள். பணம் கட்டிப் படிக்கும் மாலை வகுப்பொன்றிலே எழுதிய குறிப்பு அது. "1946இல் டீ.டீ.ரீ. தெளிக்கப்பட்டது. மலேரியா ஒழிந்தது. இறப்பு வீதம் வீழ்ந்தது. குடித்தொகை பெருகியது. வேலையின்மையும் வறுமையும் தோன்றின." ஐந்து வாக்கியங்கள், வாக்கியத்துக்கு ஒரு புள்ளி. மாணவிக்கு மட்டும் ஓர் ஐயம் எழுந்தது.

"அப்ப, எங்கட ஆக்கள் சாகாமல் விட்டதாலதான் நாடு வறுமைப்பட்டது எண்டு எழுத வேணுமோ, சேர்?"

நாம் தமிழ் கற்பிப்பவர்கள். குடித்தொகையியல் எமது துறையன்று. ஆயினும் அவ்வினாவுக்கு மறுமொழி கூறாது புத்தகத்தை மூடிக் கொடுத்துவிட எம்மால் இயலவில்லை. தேடிப் படித்தோம். படித்தபோது எமக்கு எழுந்த சினமே இக்கட்டுரை.

அவ்வைந்து வாக்கியங்களின் பாட்டனார் மால்தஸ் பாதிரியார். ஏழைகளின் பெருக்கத்திலேயே ஏழ்மையின் வேரைக் கண்டு 1798இல் நூலெழுதியவர் அவர். 1805 தொடக்கம், கிழக்கிந்தியக் கம்பனி தன் உத்தியோகத்தரைப் பயிற்றுவதற்கென நடத்திய கல்லூரியிலே பேராசிரியராகவும் இருந்தார். கம்பனி ஆண்ட தேசங்களில் பஞ்சம் வந்தபோது, அவரிடம் பாடங்கேட்டுக் கப்பலேறியவர்கள் குற்றத்தை யார்மேற் சுமத்தியிருப்பர் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

இனி எமது நாட்டுக் கணக்குக்கு வருவோம். 1946இல் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 20ஆக இருந்த இறப்பு வீதம் மறு ஆண்டிலேயே 14 அளவுக்கு இறங்கிற்று. பிறக்கும் குழந்தை சராசரியாக வாழ எதிர்பார்க்கக்கூடிய காலம் ஏறக்குறைய 43 ஆண்டுகளிலிருந்து 52 ஆயிற்று. மேலைநாடுகள் பல பத்தாண்டுகளிலே கடந்த தூரம் இது. அவ்வேளையில் வீட்டுச் சுவர்களில் மருந்து தெளிக்கப்பட்டதும் மெய்யே. அத்தெளிப்பை நாம் இகழ்கின்றோமல்லோம். ஆனால் இரண்டும் ஒருங்கே நிகழ்ந்தமையால் ஒன்றே மற்றையதன் முழுக் காரணம் எனல், காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையே.

ஆய்வாளர் இதுபற்றி நெடுங்காலம் வாதிட்டனர். போருக்குப் பிந்திய இறப்பு வீழ்ச்சியில் நூற்றுக்கு 42 பங்கு மலேரியாக் கட்டுப்பாட்டினால் வந்தது என்றார் பீற்றர் நியூமன். 1974இல் றொனால்ட் கிறே அப்பங்கை 23ஆகக் குறைத்தார். அதற்கு முன்னரே, 1967இல், எமது நாட்டு அறிஞர் எஸ். ஏ. மீகம, மலேரியா அரிதாயிருந்த பகுதிகளிலும் இறப்பு வீழ்ந்ததை எடுத்துக்காட்டியிருந்தார். நுளம்பில்லாத ஊரிலும் மரணம் குறைந்ததெனின், குறைத்தது எது?

1942 முதல் உணவுப் பங்கீடு வந்தது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை நாடெங்கும் கிளைவிட்டது. மருத்துவமாதர் வீடு வீடாக நடந்தனர். சிற்றூர்களிலும் மருத்துவமனைகள் எழுந்தன. 1935இல் ஓரிலட்சம் பிறப்புகளுக்கு 2,000க்கு மேலிருந்த தாய் மரணம் 1953இல் 500 அளவுக்கு வந்துவிட்டது. பிள்ளைப்பேற்றிலே தாய் இறவாதிருக்க நுளம்பு மருந்து மட்டும் போதுமானதோ? சைக்கிளிலும் கால்நடையாகவும் வந்த அந்த மருத்துவமாதின் கைப்பெட்டிக்குப் பாடக்குறிப்பிலே ஒரு வரியும் இல்லை.

வாதத்தை முடிக்க இரண்டு ஆண்டுகள் போதும்.

முதலாவது 1969. 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே என்னும் நிலைக்கு இறங்கிய மலேரியா, தெளிப்பு நிறுத்தப்பட்டபின் திரும்பி வந்தது. 1969இல் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். பாடக்குறிப்பு மெய்யாயின் சாவும் மலைபோற் குவிந்திருத்தல் வேண்டும். இறப்பு வீதமோ ஆயிரத்துக்கு 8 அளவிலேயே நின்றது. இம்முறை வந்த மலேரியா பெரும்பாலும் கொடுமை குறைந்த வகையென்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் காய்ச்சற்காரன் நடந்துபோகும் தொலைவில் மருந்தும், வீட்டிலே பங்கீட்டரிசியும் இருந்தன என்பதும் மறைக்கத்தக்கதன்று.

இரண்டாவது 1974. உலகச் சந்தையில் உணவும் எண்ணெயும் விலையேறின. 1973 ஒக்டோபரில் அரிசிப் பங்கீடு வெட்டப்பட்டது. மாவும் பாணும் விலையேற்றப்பட்டன. 7.7ஆக இருந்த இறப்பு வீதம் ஓராண்டில் 8.9 ஆயிற்று. தசமப் புள்ளிக்குப் பின்னால் நிற்கும் இலக்கம் சிறிதாகத் தோன்றும். அன்று 130 இலட்சம் மக்கள் வாழ்ந்த நாட்டில் அது பதினைந்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடை. அவ்வாண்டில் நாட்டின் சிசு மரண வீதம் ஆயிரத்துக்கு 51. தோட்டங்களிலோ அது நூறைத் தாண்டிற்று. வேலை நாட்கள் குறைக்கப்பட்ட தொழிலாளிக்கு, லயத்தின் ஓரத்தில் மரவள்ளி ஊன்ற ஒரு முழ நிலமும் இருக்கவில்லை.

இங்கே எமது தரப்பாரும் தலைகுனிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1934-35இல் வரட்சியினால் ஆறுகள் குட்டைகளாகி மலேரியா பரவியபோது ஏறத்தாழ 80,000 பேர் மடிந்தனர். கேகாலை, குருநாகல் கிராமங்களிலே சூரியமல் இயக்கத்து இளைஞர் மருந்தும் உணவும் சுமந்து சென்றனர். பருப்புப் பங்கிட்ட என். எம். பெரேராவை மக்கள் 'பரிப்பு மஹத்தயா' என்றே அழைத்தனர். பசித்த உடலைத்தான் காய்ச்சல் கொல்லும் என்பதை அவர் நூலிற் படித்தறியவில்லை, நேரிற் கண்டறிந்தார். அதே பெரேராதான் 1973இல் நிதியமைச்சர். அந்நியச் செலாவணி இல்லை என்றனர், உண்மைதான், இல்லை. ஆனால் வெட்டு விழுந்தபோது யாருடைய கோப்பையில் முதலில் விழுந்தது என்ற கேள்வியை இடதுசாரிகள் தம்முள்ளும் உரத்துக் கேட்கவில்லை. தோட்டமக்களிற் பெரும்பாலார் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டவர்கள். அவர்களிடம் வாக்கு இல்லை. 1964இல் இரு பிரதமர் கூடி, இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிகுதி பின்னர் எனத் தேங்காய் எண்ணுவதுபோல அவர்களை எண்ணிப் பிரித்தனர். வாக்கற்றவனின் பிள்ளை இறப்பது எந்த அமைச்சரவையையும் கவிழ்ப்பதில்லை. 1953இல் அரிசி விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கியபோது வெடித்த ஹர்த்தால் ஒரு பிரதமரைப் பதவி துறக்கச் செய்தது என்பதையும் அருகில் வைத்து நோக்குக.

திருமணக் கணக்கையும் சற்றுப் பார்ப்போம். பெண்கள் மணஞ்செய்யும் சராசரி வயது 1946இல் 20.7, 1981இல் 24.4. 1953இல் ஒரு பெண்ணுக்கு ஐந்துக்கு மேலிருந்த பிள்ளைத்தொகை 1990களில் இரண்டைச் சற்றே தாண்டி நின்றது. கருத்தடைச் சேவை பரவுமுன்னரே பிறப்புக் குறையத் தொடங்கியதற்குக் கணிசமான காரணம், பெண்கள் மணமாகப் பிந்தியமை. ஆய்வாளர் இதனைக் கல்வியின் வெற்றி என்றனர். பெரும்பகுதி உண்மை. ஆனால் எமது கிராமங்களை அறிந்தவர்க்கு அவ்வெற்றியின் மறுபுறமும் தெரியும். 1947இற் பிறந்த பெண்ணுக்கு ஐந்து வயது மூத்த மாப்பிள்ளை வேண்டுமெனின், சிசுக்கள் மிகுதியாக இறந்த 1942ஆம் ஆண்டிற் பிறந்து தப்பியவர்களிலேயே தேடவேண்டும். பெண்கள் பலர், மாப்பிள்ளைகள் சிலர், அச்சிலரிலும் உத்தியோகமுள்ளோர் மிகச் சிலர். சந்தையில் அரிய பண்டத்துக்கு விலையேறும். அவ்விலைக்கு எம்மிடையே சீதனம் என்று பெயர். வீடும் காணியும் நகையும் ஒப்பேறுமட்டும் காத்திருந்தவளை அட்டவணை 'மணவயது உயர்வு' என்ற தலைப்பின்கீழ் அடக்கிவிடுகின்றது. எமது ஆசிரியர் அறைகளிலேயே அப்படிக் காத்திருந்து ஓய்வுபெற்ற அக்காமாரை நாம் கண்டிருக்கின்றோம்.

பிள்ளை மிகுதி என்ற கூக்குரல் எழுந்த காலத்தில் அரசு கருத்தடைச் சத்திரசிகிச்சைக்குப் பணம் கொடுத்தது. 1980களில் ஐந்நூறு ரூபாய். தோட்டத்துப் பெண்ணின் அன்றைய நாட்கூலியோடு ஒப்பிட்டால் அத்தொகையின் பாரம் விளங்கும். நாட்டின் எப்பகுதியையும்விடத் தோட்டங்களிலேயே நிரந்தரக் கருத்தடை மிகுதி என்பதை ஆய்வுகள் காட்டின. பணத்தின் முன் நிற்கும் வறுமைக்கு விருப்பம் என்று பெயர் சூட்டுவது எளிது.

இன்று காற்று மாறி வீசுகின்றது. 2019இல் மூன்று இலட்சத்துக்கு மேலிருந்த பதிவுப் பிறப்புகள் 2023இல் இரண்டரை இலட்சத்துக்கும் கீழே வந்துவிட்டன. நேற்றுவரை பெருக்கத்தை அஞ்சியவர்கள் இன்று குறைவை அஞ்சுகின்றனர். குற்றவாளி மட்டும் மாறவில்லை. பெண்பிள்ளைகளை அளவுக்கு மிஞ்சிப் படிப்பித்தோம் என்கின்றனர். 2022இல் மாவுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற இளந் தம்பதியர் பிள்ளை வேண்டாமென்று முடிவெடுத்தால் அது பள்ளிக்கூடத்தின் குற்றமா? இவர்களினும் கொடியவர் உளர்: பிறர் வீட்டுத் தொட்டிலை எண்ணுவோர். 2019இல் குருநாகலில் ஒரு முஸ்லிம் மருத்துவர் ஆயிரக்கணக்கான சிங்களப் பெண்களை மலடாக்கினார் எனப் பரப்பினர். சான்றேதுமில்லையெனக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்துக்கு அறிவிக்குமுன் அவர் சிறையிருந்துவிட்டார். எமது மேடைகளிலும் "எங்கட தொகை குறையுது" என்று தாய்மாரை அதட்டும் குரல்கள் உண்டு. அவர்களிடம் தோட்டத்துச் சிசு மரணக் கணக்கைக் கேட்டுப்பாருங்கள், தெரியாது என்பார்கள்.

மாணவியின் குறிப்பை நாம் அழிக்கச் சொல்லவில்லை. மூன்றாம் வாக்கியத்தின் பக்கத்தில் 1969, 1974 என்ற இரு ஆண்டுகளையும், அவற்றின் எதிரே 'மலேரியா வந்தது', 'அரிசி குறைந்தது' என்றும் எழுதிக்கொள்ளச் சொன்னோம். எழுதிக்கொண்டாள். சோதனையில் இதற்குப் புள்ளி போடுவினமோ என்று கேட்டாள். தெரியாது, பிள்ளை, என்றோம்.