பர்கூருக்கு எந்த 'ப'?

கண்புரை ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருந்த நாட்களில், மகன் செல்போனில் ஓர் ஒலிப்புத்தகம் போட்டுக் கொடுத்தான். இயந்திரக் குரல் என்றான். நான் நம்பவில்லை, அவ்வளவு இனிமை. கதை நம் பக்கம் வந்ததும் குட்டு உடைந்தது. பர்கூர், பாகலூர், பேரிகை மூன்றுக்கும் 'பழம்' என்பதில் வரும் 'ப'வைப் போட்டுப் படித்தது. நம் ஊர்களுக்கு 'பஸ்' என்பதில் வரும் 'ப' அல்லவா!

எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். வித்தியாசம் ஏட்டில் இல்லை, காதில் இருக்கிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் ஓசூரில், பள்ளிக்கூடம் போகாத பாட்டிகூட இதில் தடுமாற மாட்டார். 'ஐயோ பாவம்' வேறு, நடிகர் முகத்தில் காட்டும் பாவம் வேறு. பொருள் தெரிந்தவர் வாயில் ஒலி தானாக வரும்.

'இயல்பான குரல்' என்று விளம்பரம் செய்கிறார்கள். நடுநடுவே மூச்சு விடும் ஓசையைச் சேர்த்துவிட்டால் இயல்பாகிவிடுமா? ஆகாசவாணியில் சரோஜ் நாராயண்சுவாமி செய்தி வாசித்தது வீட்டுப் பேச்சு போலவா இருந்தது? ஆனாலும் நம்பிக் கேட்டோம். புரிந்து வாசித்தார், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினார்.

"செலவு குறைவு. இல்லாவிட்டால் இத்தனை புத்தகங்கள் ஒலியாக வருமா?" என்பார்கள். நியாயம்தான். பார்வை மங்கிய நமக்கு அது பெரிய உதவி. இயந்திரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெளியிடும் முன், ஊர் தெரிந்த ஒருவர் ஒருமுறை முழுக்கக் கேட்டுத் திருத்தட்டும். அச்சுப் புத்தகத்துக்குப் பிழை திருத்துபவர் உண்டே, காதால் படிப்பவருக்கு மட்டும் ஏன் இல்லை? கிழவர்கள்தானே, இது போதும் என்ற நினைப்பா?