வெள்ளைத் தோலும் கேளாச் செவியும்

நாயின் இளமைக்கும் பன்றியின் இளமைக்கும் குருளை என்னும் ஒரே பெயரைத் தருகின்றது தொல்காப்பிய மரபியல். இரண்டின் பெண்பாலையும் பிணவு என்றே அது வழங்குகின்றது. ஆசிரியனாக இருந்த நாட்களில் அந்நூற்பாக்களை மாணவரை ஒப்புவிக்கச் செய்தேனேயன்றி, காட்டில் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும் இவ்விரு உயிர்களுக்கும் பெயர்கள் பொதுவாய் அமைந்ததை நின்று எண்ணிப் பார்த்தேனல்லேன். சீனன்குடாவில் ஒரு வெள்ளைக் குருளைதான் என்னை எண்ண வைத்தது.

சீனன்குடா என்றவுடன் நம்மவர் நினைவுக்கு வருவன விமானத்தளமும், மாவாலையும், எண்ணெய்க் குதங்களுமே. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்த இடம் அது. பிரித்தானியர் கட்டிய பெருங்குதங்களுள் 99 நம் காலம்வரை நின்றன. அவற்றுள் மேற்றொகுதியைப் பல்லாண்டுகளாகக் காடு மூடிக் கிடந்தது. ஆளில்லாத பற்றைக்காடு எங்குண்டோ அங்கே பன்றிக்கும் இடமுண்டு. பகலில் பற்றைக்குள் படுத்திருந்து இரவில் வெளிப்படும் பன்றிக் கூட்டம், மரவள்ளியையும் கச்சானையும் கிண்டியெறிந்துவிட்டு, கதிர் முற்றிய வேளாண்மைக்குள் இறங்கிவிடும். தின்பது கொஞ்சம், உழக்கிப் பாழாக்குவது அதிகம். தம்பலகாமத்து வயல்களிலே பரண் கட்டித் தகரம் தட்டி விழித்திருக்கும் குடியானவனுக்கு இது கடன் அடைபடுமா படாதா என்னும் வழக்கு.

என் பழைய மாணவன் ஒருவன் சீனன்குடாவில் குடியிருந்து தம்பலகாமத்தில் வயல் செய்கின்றான். காவலுக்கென்று எங்கிருந்தோ ஒரு குட்டி வாங்கி வந்தான். விற்றவர் இராசபாளையத்து இரத்தம் என்றாராம். பால்போன்ற வெண்மை, இளஞ்சிவப்பு மூக்கு, நீண்ட கால்கள். அதன் அழகில் நானும் மயங்கினேன். “காவியத்திலே வருகிற வீரனைப் போல இருக்கிறது” என்று சொல்லி வைத்தேன். திண்ணையிலிருந்த அவனுடைய பாட்டனார் மட்டும், “வடிவு சரி, தம்பி. தாயைப் பார்த்தனியோ?” என்று கேட்டார். யாரும் விடை சொல்லவில்லை. அவர் காலடியில் செம்மண் நிறத்தில், காது கிழிந்த ஒரு கிழப் பிணவு படுத்திருந்தது. இன்ன இனம் என்று சொல்ல அதற்கு ஒரு பெயரில்லை.

ஓராண்டு கழிந்து அவனைக் கண்டபோது நாயைப் பற்றி விசாரித்தேன். “பேர் சொல்லிக் கூப்பிட்டால் ஒருநாளும் திரும்பிப் பார்க்கயில்லை, சேர். பிடிவாதக்காரன் எண்டு நினைச்சம்” என்றான். ஒரு விடியற்காலையில் கிழப் பிணவு வாய்க்கால் ஓரத்துப் பற்றையில் ஒற்றைப் பன்றியைக் கண்டு வளைத்துக் குரைத்திருக்கின்றது. வெள்ளை நாயும் உடன் ஓடியது. பன்றி திரும்பிவிட்டதைக் கண்டு இவன் பின்னே அழைத்தான். பிணவு விலகிக் கொண்டது. வெள்ளையன் விலகவில்லை, நேரே முகத்துக்கு முன் சென்றான். மருப்பு நெஞ்சிலிருந்து வயிறுவரை கீறிவிட்டது. சாரத்தைக் கழற்றிச் சுற்றித் தூக்கி வந்தும் வயல் வரம்பைத் தாண்டும் முன்னரே உயிர் போயிற்று. அது கோழையுமன்று, பிடிவாதக்காரனுமன்று, பிறவிச் செவிடு. அந்தக் குட்டியை மெச்சியவர்களுள் நானும் ஒருவன் என்பது இன்றும் என்னை உறுத்துகின்றது.

வெண்மைக்கும் செவிட்டுக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். உறவு உண்டு. தோலுக்கும் மயிருக்கும் நிறமூட்டும் உயிரணுக்கள் உட்செவியிலும் இருக்கின்றன. ஒலியை உணரும் நுண்மயிர் அணுக்கள் வாழ்வதற்கு வேண்டிய சூழலை அங்கே காப்பவை அவை. மிகுதியான வெண்மையைத் தரும் சில மரபுக் கூறுகள் அந்நிறவணுக்களைச் செவிவரை சென்று சேரவிடாமல் தடுத்துவிடுகின்றன. அவ்வாறாயின், குட்டி பிறந்து மூன்று நான்கு கிழமைகளுக்குள் செவியின் நுண்மயிர் அணுக்கள் அழிந்து போகின்றன. வெள்ளை நாயெல்லாம் செவிடென்று நான் சொல்லவில்லை. ஆனால் அமெரிக்காவிலே டல்மேஷியன் நாய்களை ஆயிரக்கணக்கிற் சோதித்தபோது, 100க்கு ஏறத்தாழ 30 ஒரு செவியிலேனும் இரு செவியிலுமேனும் கேட்புக் குறையுடையனவாகக் காணப்பட்டன. நீலக் கண்ணுடைய வெள்ளைப் பூனைகளின் செவிட்டை டார்வின் 1859லேயே குறித்திருக்கிறார். இராசபாளையம் நாயிலும் இக்குறை நெடுநாளாக அறியப்பட்டதே.

ஒரு செவி மட்டும் கேளாத நாயே வளர்ப்பவனை அதிகம் ஏமாற்றும். அழைத்தால் வரும், கையொலிக்குத் திரும்பும். ஆயினும் ஒலி எத்திசையிலிருந்து வந்தது என்று அதனால் சரியாக அறிய இயலாது. பன்றி வேட்டைக்கு அத்திசையறிவு இன்றியமையாதது. துணைநாய் எந்தப் பக்கத்தில் குரைக்கின்றது, ஆள் எங்கிருந்து கூவுகின்றான், பற்றை எப்பக்கம் முறிகின்றது என்பவற்றையெல்லாம் ஒரே கணத்தில் செவியால் கண்டுகொள்ள வேண்டும். அத்தகைய நாய் வீட்டில் குறையில்லாததாய்த் தோன்றி, குட்டிகளும் ஈன்று, குறையை அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துவிட்டுச் செல்கின்றது.

பன்றிநாய்க்கு வேண்டிய குணங்களைப் பற்றிப் பாட்டனாரோடு ஒரு மாலை முழுவதும் பேசியிருந்தேன். மோப்பத்தை அவர் முதலிற் சொல்லவில்லை. அளவான தைரியத்தைச் சொன்னார். தைரியம் குறைந்தால் நாய் பன்றியை விட்டு ஓடிவிடும். கூடினால் பன்றியின் வாய்க்கு முன் நின்று சாகும். இரண்டுக்கும் நடுவில், எட்ட நின்று சுற்றிச் சுற்றிக் குரைத்து, பன்றியை ஓரிடத்தில் நிறுத்தி, ஆள் வரும்வரை பொறுத்திருப்பதே நல்ல நாய். அத்தகைய தாயைக் கண்டபின்தான் குட்டியைப் பார்ப்பது. நகம் எண்ணுவோர் உண்டு, அண்ணத்தின் கறுப்பைப் பார்ப்போர் உண்டு. அவர் இரண்டையும் சிரித்துத் தள்ளிவிட்டார். தகப்பனுக்கு மகளைச் சேர்க்கலாகாது என்பதில் மட்டும் மிகக் கண்டிப்பாயிருந்தார்.

ஏறத்தாழ இதே முடிவுக்குத்தான், வேறு வழியாக, சாமுவேல் பேக்கரும் வந்தார். பின்னாளில் நைல் நதியின் ஊற்றைத் தேடிப் புகழ்பெற்ற இவ்வாங்கிலேயர் 1848இல் நுவரெலியாவிற் குடியேறி, மரையும் பன்றியும் நாய்கொண்டு வேட்டையாடினார். இங்கிலாந்திலிருந்து தூய இனத்து நரிவேட்டை நாய்களைக் கப்பலேற்றிக் கொணர்ந்தார். அடர்ந்த காட்டுக்கு அவை பொருந்தவில்லை. அவற்றுக்குப் பிற இனங்களைக் கலந்து பிறந்த குட்டிகளே வேலைக்கு உதவின. நல்ல நாய் பார்வைக்கு இறைச்சிக்கடை நாய் போலிருந்தாலும் அதைக் கூட்டத்திலிருந்து விலக்க முடியாது என்னும் கருத்துப்பட அவர் எழுதியிருக்கின்றார். கீழ்நாட்டு வெப்பத்தில் இந்நாய்கள் நெடுநாள் வாழா என்பதும் அவர் கண்டதே. பணமும் செருக்கும் நிறைந்த ஒரு துரை பல நாய்களைப் பலிகொடுத்துக் கற்ற பாடம், மூதூர்ப் பக்கத்துக் கரையோர வேடருக்கு அவரைக் கேளாமலே தெரிந்திருக்கும்.

நிறத்தை முற்றாகக் குறைசொல்வதும் நீதியாகாது. ஆர்ஜென்ரீனாவில் அந்தோனியோ நோரெஸ் மார்ட்டினெஸ் என்பவர் 1920களில் பன்றி வேட்டைக்கென்றே ஒரு நாயினத்தை உருவாக்கத் தொடங்கினார். அதுவும் வெண்ணிறமே, புதருக்குள் நாயையும் பன்றியையும் வேட்டைக்காரன் பிரித்தறிய வேண்டுமென்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். அங்கே நிறம் வேலைக்காகத் தேரப்பட்டது. அவ்வினத்தையும் பிறவிச் செவிடு விட்டுவைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்று அந்நாய்களை வளர்ப்போர் பலர், குட்டியின் ஒவ்வொரு செவியையும் தனித்தனியே மின்கருவியாற் சோதித்த பின்னரே இனப்பெருக்கத்துக்கு விடுகின்றனர்.

தமிழ்நாட்டில் நடந்தது வேறு. பன்றியை எதிர்த்த இராசபாளையத்துக்கு 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பின் அத்தொழிலில்லை. அச்சட்டத்தை நான் குறைகூறவில்லை. காடு காக்கப்பட வேண்டியதே. ஆனால் தொழில் போனபின் நாயைச் சோதிக்கும் தேர்வுக்களமும் போய்விட்டது; எஞ்சியது தோல். 2005இல் இந்திய அஞ்சல்துறை அந்நாயின் உருவத்தை முத்திரையில் வெளியிட்டது. தியடோர் பாஸ்கரன் 2017இல் இந்திய நாய்களைப் பற்றி ஒரு தனிநூலே எழுதினார். இப்பெருமையினால் வாங்குவோர் பெருகினர். வாங்குவோர் கேட்பதோ வெண்மையை.

நம் நாட்டிலும் சரணாலயங்களுக்குள் வேட்டை கூடாதென்று 1937ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் விலக்கியிருக்கின்றது. பொழுதுபோக்குக்காக நாயை ஏவிப் பன்றியைக் கிழிக்கவிட்டு வேடிக்கை பார்ப்போருக்கு இப்பத்தி துணை நிற்காது. வயல் காக்கும் நாயைப் பற்றியே பேசுகின்றேன். நாயைக் கைவிட்டவன் எதைக் கையிலெடுக்கின்றான் என்பதையும் பார்க்க வேண்டும். ஹக்கபட்டாசு என்று இங்கும் அவுட்டுக்காய் என்று தமிழ்நாட்டிலும் வழங்கும் வாய்வெடியை இரைக்குள் மறைத்து வைக்கின்றான். பன்றிக்கென்று வைத்த அவ்வெடியை யானைக்கன்று கடிக்கின்றது. தாடை சிதறி, தின்னவும் குடிக்கவும் இயலாமல் நாட்கணக்கில் நின்று சாகின்றது. இலங்கையில் யானைகளைக் கொல்லும் காரணங்களுள் இது முன்வரிசையில் நிற்பது. நாய் பன்றியை மோந்து பன்றியிடமே செல்லும். வெடிக்கு அந்த விவேகம் இல்லை.

ஆகவே பேராதனைப் பல்கலைக்கழகத்து விலங்கு மருத்துவ பீடத்தாரையும், திருகோணமலை வளாகத்தில் கற்கும் இளைஞரையும் ஒன்று வேண்டுகின்றேன். வன்னியிலும் கொட்டியாரத்திலும் தம்பலகாமத்திலும் பெயரில்லாமல் வேலை செய்யும் நாட்டு நாய்களின் வழியைக் குறித்து வையுங்கள்: எந்தப் பிணவு, எத்தனை குட்டி, எது வேலை செய்தது, எது செவி கேளாதது. கடையில் விலைகொடுத்து வாங்கிய நாய்க்கு வமிசாவளிப் பத்திரம் இருக்கின்றது. தலைமுறை தலைமுறையாக வயல் காத்ததற்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.

சென்ற மாதம் மீண்டும் சீனன்குடா சென்றிருந்தேன். கிழப் பிணவு ஐந்து குட்டி ஈன்று ஆறு கிழமை ஆகியிருந்தது. என் மாணவன் அவற்றைப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாகப் பிடித்து நிறுத்த, பாட்டனார் ஒருகால் இடப்பக்கமும் ஒருகால் வலப்பக்கமுமாக மறைந்து நின்று இரண்டு சிரட்டைகளைத் தட்டினார். நான்கு குட்டிகள் தட்டிய பக்கமே திரும்பின. நெற்றியில் வெள்ளைச் சுட்டியுடைய ஒன்று எப்பக்கம் தட்டினாலும் இடப்பக்கமே பார்த்தது. அவற்றுள் அதுவே வடிவானது. அதை வீட்டோடு வைத்துக்கொள்வது, குட்டிபோட விடுவதில்லை என்று இருவரும் பேசி முடித்தார்கள். என் அபிப்பிராயத்தை இம்முறை யாரும் கேட்கவில்லை.